கொழுப்பெடுத்தவள்

போன வருடக் கடைசியில் சுங்கை பட்டாணியில் ஒரு நூல் வெளியீடு. மண்டபம் நிறைய கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். இடம் இல்லாமல் அல்ல. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால், எழும்போது அதுவும் என்னோடு எழுந்துவரும். அனுபவம் உண்டு. மேடையில் பேச வந்தவர் என்னைக் கவனித்துவிட்டார். மூத்தவர். அவருடைய சிறுகதைகளைப் படித்துத்தான் நான் இலக்கியத்துக்குள் வந்தேன். மைக்கிலேயே சொன்னார்: "ஏம்ப்பா, அந்தத் தங்கச்சிக்கு ரெண்டு நாற்காலியாச் சேத்துப் போடுங்க."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். குண்டாக இருப்பவர்களுக்கு இது பழக்கம். மற்றவர்கள் சிரிப்பதற்கு அரை நொடி முன்னால் நாமே சிரித்துவிட்டால் வலி கொஞ்சம் குறைவு.

பிறகு அவர் நாற்பது நிமிடம் பேசினார். தோட்டத் தொழிலாளியின் உடல் எப்படிப் பிழிந்தெடுக்கப்பட்டது என்பதுதான் பேச்சு. நல்ல பேச்சு, சத்தியமாக. கடைசியில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. காரை எடுக்கும்போதுதான் உறைத்தது. அவர் குரல் தழுதழுக்கப் பேசிய அந்த உடலின் பேத்திதானே நான்? அந்த உடல் இரண்டு தலைமுறைக்குப் பிறகு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள நினைத்திருந்தால், அது அவர் கண்ணெதிரே சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஜோக்தான் வந்தது.

இது அவருக்கு எழுதும் பதில் அல்ல. அவர் ஒரு வரிதான் சொன்னார். சிரித்தது நூற்றைம்பது பேர். இந்தக் கட்டுரை அவர்களுக்கு, என்னையும் சேர்த்து.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு நோய் இருக்கிறது. அதன் பெயர் உடல் பருமன். வயது இருபத்தெட்டு, உயரம் 158 செண்டிமீட்டர், அதிகபட்ச எடை 94 கிலோ, பி.எம்.ஐ. 37.7. ஆசியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், 27.5-க்கு மேல் அபாயம் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. பருமனை நாள்பட்ட நோய் என்று அதே நிறுவனம் இரண்டாயிரமாவது ஆண்டு அறிக்கையில் எழுதியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-ல் அதை நோயாக ஏற்றுக்கொண்டது. நம் சுகாதார அமைச்சும் பருமனுக்கான சிகிச்சை வழிகாட்டியை 2004-ல் வெளியிட்டு, 2023-ல் திருத்தி இரண்டாம் பதிப்பும் போட்டுவிட்டது. ஆக, மருத்துவ உலகத்தில் இது முடிந்த விவாதம். பாடாங் செராயில், லூனாஸில், கூலிமில், என் வீட்டு ஹாலில் இன்னும் தொடங்காத விவாதம்.

தொடங்காததற்கு முதல் காரணம் மொழி என்று நினைக்கிறேன். தமிழில் கொழுப்பு என்பது உடம்பில் இருக்கும் ஒரு பொருளா, குணமா? "கொழுப்பா ஒனக்கு?" என்று கேட்டால் யாரும் ரத்தப் பரிசோதனைக்குப் போகமாட்டார்கள். கொழுப்பெடுத்தவள், வாய்க்கொழுப்பு, கொழுத்துப்போய்த் திரியிறா, திங்கிற சோறு செரிக்கல — இத்தனைக்கும் அர்த்தம் திமிர்தான். எதிர்ப்பக்கம் பாருங்கள். ஒருவர் மெலிந்தால், "ஏன் இப்படி எளைச்சிட்ட, ஒடம்புக்கு முடியலையா?" என்று பதறுவோம். மெலிவு நோயின் அடையாளம், பருமன் திமிரின் அடையாளம். அல்லது வசதியின் அடையாளம்: "நல்லா பூசினாப்புல இருக்கா, புருஷன் நல்லா வச்சிருக்கான்." பருமனையே நோயாகப் பேசுவதற்கு நம் வாயில் புழங்கும் சொல் ஒன்று இல்லை. 'உடல் பருமன்' என்பது கிளினிக் சுவரொட்டியில் மட்டும் வாழும் சொல். எங்கள் தாமானில் யாரும் அதை உச்சரித்து நான் கேட்டதில்லை. சினிமாவில் ஒரு நடிகருக்குப் பெயரே 'குண்டு' கல்யாணம். போஸ்டரில், டைட்டில் கார்டில் அப்படியே போடுவார்கள். 'காசநோய்' கல்யாணம் என்று ஒருவருக்குப் பெயர் வைத்திருப்போமா?

என் அம்மாவுக்கு நாற்பத்தோரு வயதில் இனிப்புநீர் வந்தது. அப்போது அவர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ என்று பை பையாகக் கொண்டுவந்தார்கள். "பாவம், இந்த வயசுலயே" என்றார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். மாமா ஒருவர் கூலிமிலிருந்து வாராவாரம் வந்து, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டப்பாவைத் திறந்தே எண்ணிப் பார்ப்பார். அதே மாமாதான் என்னைப் பார்த்து, "சோத்த கொற, எல்லாம் சரியாயிடும்" என்பார். அம்மாவின் நோயும் என் நோயும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். இரண்டாம் வகை நீரிழிவுக்கு மிகப் பெரிய வாசல்களில் ஒன்று பருமன். வாசலைத் தாண்டி உள்ளே போனவருக்குப் பரிவு, வாசலில் நிற்பவளுக்குப் புத்திமதி.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019-ன் தேசியச் சுகாதார ஆய்வுப்படி நாட்டின் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். 2023-ல் அது 54.4. இந்தியர்கள் என்று தனியாகப் பார்த்தால், 2019-ல் 68.3 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன். எல்லா இனங்களிலும் அதுதான் அதிகம். நீரிழிவு 31.4 விழுக்காடு, அதிலும் நாமே முதல். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அறுபத்தெட்டு பேரின் இடுப்பளவு எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் என் கட்சிக்காரர்கள். பேண்ட் பெல்ட்டுக்கு மேலே மறைந்திருப்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பெரியவர்கள் யாராவது கட்டாயம் சொல்வார்கள்: "அந்தக் காலத்துல தோட்டத்துல இதெல்லாம் ஏது? விடியக்காலம் பெரட்டுக்குப் போயி, மரம் வெட்டி, பால் தூக்கி, ஒடம்பு கம்பி மாதிரி இருந்துச்சு." சரி. என் பாட்டி பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் பால் வெட்டினார். அவரது படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. லயத்து வாசலில், தோளில் காண்டா வைத்துக்கொண்டு, கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்த நிற்கிறார். கம்பி மாதிரிதான். ஆறு பிள்ளை பெற்று இரண்டைப் புதைத்தவர். தலைசுற்றி மரத்தடியில் விழுந்து, தோட்டத்து டிரஸ்ஸர் ஒரு மாத்திரை கொடுத்து மறுநாளே வேலைக்கு அனுப்பிய கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். அது ஆரோக்கியம் இல்லை. அது பசி. பசிக்கு ஃபிட்னஸ் என்று பெயர் வைத்து, பேத்தி முன்னால் எடுத்துக்காட்டாகத் தூக்கிப் பிடிக்காதீர்கள். பாட்டிக்கே அது அவமானம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு என் உடம்பின் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், 2004-ல் லான்செட் இதழில் ஒரே ஒரு பக்கக் குறிப்பை ஜான் யுட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. பார்வைக்கு இருவருமே ஒல்லி. யாக்னிக்கின் குழு புனேக்கு அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, ஆங்கிலக் குழந்தைகளைவிட எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று கண்டார்கள். கருவில் பட்டினி கிடந்த உடம்பு, பின்னாளில் சோறு கிடைக்கும்போது அதை வயிற்றில் பத்திரப்படுத்தி வைக்கிறது, சர்க்கரையைக் கையாளத் திணறுகிறது என்பது ஹேல்ஸும் பார்க்கரும் 1992-ல் முன்வைத்த கருத்து. அப்படியானால் என் பாட்டியின் துருத்திய கழுத்தெலும்புக்கும் என் வயிற்றுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தோட்டத்துப் பசி செத்துப்போகவில்லை. அம்மா வழியாக என் உடம்புக்குள் வந்து, வேறு உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுரண்டப்பட்ட உடலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறவருக்கு இதைவிட நல்ல தொடர்கதை கிடைக்குமா?

சரி, காரணம் எதுவாகவும் இருக்கட்டும், சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் இறங்கிவிடாதா? இறங்கும். நான்கு முறை இறக்கியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் முதல் முறை, ஐந்து மாதம் மதியச் சோற்றை விட்டு 11 கிலோ. நான்கு முறையும் திரும்பி வந்தது, வட்டியோடு.

நான் ஒரு பிராசஸ் என்ஜினியர். வேலையே இதுதான்: ஒரு உலை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிற்கவேண்டும் என்று செட் பண்ணியிருந்தால், நீங்கள் கதவைத் திறந்து குளிர்க்காற்றை விட்டாலும் அது ஹீட்டரை முடுக்கித் தன் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். உடம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1994-ல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு கரைந்தால் லெப்டின் விழும். உடனே மூளை, "பஞ்சம் வந்துவிட்டது" என்று முடிவு செய்து பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். மெல்பர்னில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்னும் கொடூரமான ஒன்று இருக்கிறது. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் அளந்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ இறக்கியவர்கள், 41 கிலோ திரும்ப ஏறியிருந்தார்கள். அது ஆச்சரியமில்லை. ஓய்வில் அவர்கள் உடம்பு எரிக்க வேண்டிய அளவைவிடத் தினமும் 500 கலோரி போலக் குறைவாகத்தான் எரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருடம் கழித்தும். உடம்பு மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

ஆகவே எடையைக் குறைப்பது ஒரு கதை, குறைத்த எடையைப் பிடித்து வைத்திருப்பது வேறு கதை. முதல் கதைக்கு மன உறுதி போதும். இரண்டாவதுக்கு வாழ்நாள் சிகிச்சை வேண்டும். நாள்பட்ட நோய் என்றால் அதுதான் அர்த்தம். ரத்த அழுத்தம் 120-க்கு இறங்கியதும் மாத்திரையை நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை. இதில் மட்டும், இறங்கினால் கதை முடிந்தது, ஏறினால் உன் தப்பு.

இரண்டு வருடத்துக்கு முன்பு, இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழேகாலுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். லூனாஸ் சிக்னலில் சிவப்பு. பின்னாலிருந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்துத்தான் கண் விழித்தேன். கால் பிரேக்கில் இருந்தது தெய்வாதீனம். அதற்கு முன்பே ஒரு வருடமாகப் பகலில் தலைவலி, மீட்டிங்கில் தூக்கம், இரவில் மூச்சு முட்டி விழிப்பு. இதற்காகவே மூன்று இடத்தில் போய்க் காட்டியிருக்கிறேன். மூன்று இடத்திலும் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, "வெயிட் கொறைங்க" என்று எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள். ஓர் இடத்தில் மிஸ்ஸி, தராசைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரியிடம் எண்ணைச் சத்தமாகவே சொன்னார். நான்காவது டாக்டர், ஓர் இளம் மலாய்ப் பெண், "நீங்கள் குறட்டை விடுவீர்களா?" என்று கேட்டார். ஒரு கேள்வி. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. இப்போது முகமூடி மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். அந்த ஒரு கேள்வியை மூன்று பேர் கேட்காததற்குக் காரணம் அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. குண்டான பெண் எதைச் சொன்னாலும் பதில் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அவ்வளவுதான். மண்டபத்துச் சிரிப்பும் அந்தத் தயார்ப் பதிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சிரிப்பு ஆளைக் கொல்லாது என்பவர்கள் லூனாஸ் சிக்னலை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

அந்த டாக்டர்தான் ஊசியைப் பற்றியும் பேசினார். செமாக்ளுடைட். வாரம் ஒருமுறை. 2021-ல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இறங்கியது. போட்டுக்கொண்டேன். முதல் மாதம் குமட்டல், வாந்தி. அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? என் வாழ்க்கையில் முதல் தடவையாக மண்டைக்குள் ஒரு ரேடியோ நின்றது. கேண்டீனைத் தாண்டிப் போகும்போது அது வெறும் கேண்டீனாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஒல்லியானவர்கள் மன உறுதியில் பெரிய ஆட்கள் இல்லை. அவர்கள் மண்டையில் அந்த ரேடியோவே ஓடுவதில்லை. பத்து மாதத்தில் 12 கிலோ. ஆனால் மருந்துக்கான மாதச் செலவு என் மைவி தவணையைவிட அதிகம். தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டி வந்தபோது நிறுத்தினேன். ஒன்பது மாதத்தில் எட்டு கிலோ திரும்பிவிட்டது. ஊசியை நிறுத்தினால் ஓராண்டில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பும் என்று அதே ஆய்வின் தொடர்ச்சி 2022-ல் சொல்லியிருந்தது. நான் சராசரி மனுஷி, சராசரி கணக்கு. இந்த வகை மருந்துகளை உலகச் சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, பருமனோடு நீரிழிவும், அதனோடு இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்காக. அதாவது முதலில் நான் அம்மா மாதிரி ஆகவேண்டும். அதன் பிறகுதான் பட்டியல்.

ஊசி போட்டேன் என்று வெளியில் சொன்னால் கிடைக்கும் மரியாதை தனி. "அது குறுக்கு வழி லா." இன்சுலின் போடும் என் அம்மாவிடம் யாரும் அதைக் குறுக்கு வழி என்று சொன்னதில்லை.

தமிழ் வாசகர்கள் வேறு ஒன்றையும் கொண்டுவருவார்கள்: குறள். தொண்ணூற்றைந்தாம் அதிகாரம், மருந்து. அளவறிந்து உண், பசித்தபின் உண், மருந்தே வேண்டாம். பட்டிமன்றத்தில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த அதிகாரம் அங்கே முடியவில்லை. அதற்குப் பிறகும் குறள்கள் இருக்கின்றன. நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து செய் என்கிறார். நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் பார் என்கிறார். பத்தாவது குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுப்பவர். நாம் நோயாளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் தள்ளிவிட்டோம். முதல் பாதியைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறவர்கள், மிச்சத்தையும் ஒருமுறை புரட்டட்டும்.

இதையெல்லாம் நோய் என்று சொல்லிவிட்டால் தனிமனிதப் பொறுப்பு போய்விடுமே என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. போகாது. நான் தினமும் சாப்பாட்டை எழுதி வைக்கிறேன், வாரம் நான்கு நாள் நடக்கிறேன், தே ஓ கோசோங்தான் குடிக்கிறேன். நோய் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அதை ஒழுங்காகச் செய்ய முடிந்தது. முன்பெல்லாம் தண்டனையாகச் செய்தேன். தண்டனையிலிருந்து யாரும் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் பொறுப்பு என்ற சொல்லை என் தட்டோடு நிறுத்திக்கொள்வது கயவாளித்தனம். தட்டுக்கு வெளியே பார்ப்போம்.

தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு எங்கள் சனம் வந்து விழுந்த இடம் மலிவு விலைத் தாமான்கள். நடைபாதை கிடையாது. சாலையில் மண் லாரி. இருட்டினால் தெருநாய், வழிப்பறி. பெண் தனியாக நடந்தால் அம்மா வாசலிலேயே நிற்பார். வேலை கூலிம் ஹைடெக் பார்க்கில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவு மூன்று மணிக்குக் கிடைப்பது நாசி லெமாக், மீ கோரெங், சர்க்கரைப் பால் ஊற்றிய தே. உட்கார்ந்து செய்யும் வேலை. மறுவாரம் பகல் ஷிப்ட். உடம்புக்கு எது இரவு, எது பகல் என்றே தெரியாது. இந்த நாடு 2013 அக்டோபர் வரை சீனிக்கு மானியம் கொடுத்தது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. அது 2024-ல் 50 காசு, 2025-ல் 90 காசு. நல்லதுதான், டின்னிலும் பாட்டிலிலும் வருவதற்கு. மாமாக் கடையில் ஆற்றும் தேயை அது தொடாது. தொட்டால் ஆட்சி கவிழும் என்று பயமோ என்னவோ.

இப்போது பீடோங்குக்கு வாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல். கெடா முழுக்கத் தோட்டங்களுக்குப் பரவியது. 1947-ல் அது போலீசோடு மோதலாகி, தொழிலாளர்கள் உயிரையும் விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர்களுக்குப் புரிந்திருந்த ஒன்று, பட்டம் வாங்கிய நமக்கு ஏன் புரியவில்லை? குடிப்பவனிடம் போய் "மன உறுதி இல்லாதவனே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கடை வாசலுக்குப் போனார்கள். கடை யாருடைய உரிமத்தில் நடக்கிறது, யார் கண் முன்னால் நடக்கிறது என்று கேட்டார்கள். நாம் அந்த வரலாற்றை மேடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு, கீழே இறங்கியதும் ஒரு பிளாஸ்டிக் கப்பில் சிவப்புச் சிராப்பை நீட்டுகிறோம். தைப்பூசத்தில் எத்தனை தண்ணீர்ப் பந்தல், எத்தனை பந்தலில் வெறும் தண்ணீர்? இனிப்புநீரில் காலை இழந்தவர் சக்கர நாற்காலியில் வந்து அந்தச் சிராப்பை வாங்கிக் குடித்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஊற்றிக் கொடுத்தது நான்.

இனி நம் இலக்கியம். தோட்டத்து உடலை எழுதத் தெரிந்தவர்கள் நாம். அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' பட்டினியையும் புண்ணையும் எழுதியது. நல்லது. ஆனால் இன்றைக்கும் இளம் எழுத்தாளர் ஒருவர் தோட்டக் கதை எழுதினால், அதில் வரும் தொழிலாளி எலும்பும் தோலுமாகத்தான் வருகிறார். அப்படிப்பட்ட ஆளை எழுதியவர் கடைசியாக எப்போது பார்த்தார்? நான் பார்ப்பது வேறு ஆட்கள். தாமான் வாசலில் கார்ட் வேலை பார்க்கும், வீங்கிய காலோடு உட்கார்ந்தே தூங்கும் அண்ணன். ஆப்பரேட்டர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் கூனிக்குறுகி உட்காரும் அக்கா. லாரி ஓட்டி, ஓட்டிக்கொண்டே தின்று, ஐம்பதில் மாரடைப்பில் போன பக்கத்து வீட்டு மாமா. இவர்கள் கதைக்குள் வந்தால் நகைச்சுவைப் பாத்திரமாக வருகிறார்கள். அல்லது முதலாளியாக, வட்டிக்காரனாக, பெருத்த வயிற்றோடு. கதைகளில் வயிறு பணக்காரனுக்கு மட்டுமே சொந்தமாக இருந்த காலம் முடிந்து முப்பது வருடம் ஆகிறது ஐயா. இப்போது அது எங்களிடம் இருக்கிறது. பணக்காரர்கள் ஜிம்மில் இருக்கிறார்கள்.

எதிர்முனையில் நிற்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. என் வயதுத் தோழிகள், "நீ எப்படி இருக்கியோ அப்படியே அழகு" என்பார்கள். 2015-ல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' படத்தில் அனுஷ்கா உடம்பை ஏற்றிக்கொண்டு நடித்தார். குறுக்கு வழியில் மெலிய வைக்கும் மோசடிக் கடையை எதிர்த்துப் போராடும் கதை. பார்த்துவிட்டு அழுதேன், உண்மை. ஆனால் அழகு என் பிரச்சினை அல்ல. அழகாகவே இருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம், மூச்சு நிற்கிறதே? அன்பான பொய்யும் பொய்தான். கேலி செய்பவர், நோய் இல்லை திமிர் என்கிறார். கொஞ்சுபவர், நோய் இல்லை அழகு என்கிறார். நோய் என்று சொல்ல மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பரவாயில்லை, அவர்களாவது எடையை நேராகக் கேட்டார்கள்.

இப்போது 89 கிலோ. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தம்பி படிப்பை முடித்ததும் ஊசியை மறுபடி தொடங்குவதாக இருக்கிறேன். அதற்குள் விலை இறங்கினால் சீக்கிரமே. அம்மா இப்போது தேயில் சீனி போடுவதில்லை, எனக்காக என்கிறார். அவருக்காகச் செய்திருக்க வேண்டியது, பதினைந்து வருடத்துக்கு முன்பு.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் இன்னொரு நூல் வெளியீடு. ஏற்பாட்டாளர்களுக்கு வாட்ஸாப் அனுப்பிவிட்டேன்: கைப்பிடி இல்லாத நாற்காலி ஒரு பத்து போட்டுவையுங்கள், பக்கத்துச் சீனப் பள்ளியில் வாடகைக்குக் கிடைக்கும், காசு நான் தருகிறேன். "பத்து எதுக்கு, ஒண்ணு போதாதா?" என்று பதில் வந்தது. போட்டுப் பாருங்கள் என்றேன்.